கட்டணம் ஒழிந்தது, செலவு ஒழியவில்லை
(இலவசக் கல்வியும் எமது சமூகத்தின் கல்வி உதவி முயற்சிகளும்: ஒரு வரலாற்று நோக்கு)

இலங்கையின் கல்வி வரலாற்றை எழுதுவோர் 1945ஆம் ஆண்டை ஒரு திருப்புமுனையாகக் கொள்வது வழக்கம். அவ்வாண்டு ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. கல்வி அமைச்சராக இருந்த சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் பெயர் அதனாலேயே இன்றும் நன்றியோடு உச்சரிக்கப்படுகின்றது. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில், அதாவது இலவசக் கல்வி நடைமுறைக்கு வருவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர், மற்றொரு முயற்சியும் தொடங்கப்பட்டது. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் முன்னெடுப்பில் உருவான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியே அது. வறுமை காரணமாகத் திறமையுள்ள ஒரு முஸ்லிம் மாணவரும் உயர்கல்வியை இழக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகின்றது. அரசாங்கமே கல்வியை இலவசமாக்கப் போகின்ற வேளையில், ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் ஏழை மாணவர்களுக்கென்று பணம் சேர்க்கத் தொடங்கியது ஏன்? இலவசக் கல்விக்கான விதப்புரைகள் 1943ஆம் ஆண்டிலேயே அறிக்கையாக வெளிவந்துவிட்டன. அந்த அறிக்கையைத் தயாரித்த விசேட குழுவில் ஸாஹிறாக் கல்லூரி அதிபர் ரீ.பீ. ஜாயா அவர்களும் அங்கத்தவராக இருந்தார். ஆகவே வரப்போவதை அறியாமல் இந்த நிதி தொடங்கப்பட்டது என்று சொல்ல முடியாது. கட்டணம் வேறு, செலவு வேறு என்பதைக் கண்டறிந்தவர்களின் செயல் அது என்பதே என் எண்ணம். அந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், கடந்த எண்பது ஆண்டுகளில் எமது ஏழைப் பிள்ளைகள் எந்தெந்த இடங்களில் தடுக்கி விழுந்தார்கள் என்பதும் விளங்கும்.

கட்டணத்தின் காலம்

1945க்கு முன்னர் இந்நாட்டுப் பாடசாலைகள் இரு வகையின. சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் உண்டு. பல்கலைக்கழகத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் சட்டத்துறைக்கும் மருத்துவத்துக்கும் செல்லும் பாதை ஆங்கிலப் பாடசாலையின் ஊடாகவே சென்றது. ஏழைப் பிள்ளை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அந்தப் படிப்பு அவனை ஓர் எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்லாது. கிழக்கிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் வாழ்ந்த விவசாயிகளினதும் மீனவர்களினதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடசாலை என்பது கட்டணத்தால் மட்டுமன்றித் தூரத்தாலும் எட்டாததாக இருந்தது.

எமது சமூகத்தில் இதற்கு இன்னொரு தடையும் இருந்தது. ஆங்கிலக் கல்வி மார்க்கத்துக்கு ஊறு செய்யும் என்ற அச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆழமாக வேரூன்றியிருந்தது. மிஷனரிமாரின் பாடசாலைகளே ஆங்கிலத்தை வைத்திருந்த காலத்தில் அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்வதற்கில்லை. அதனை உடைக்கப் பாடுபட்டவர் கண்டி தந்த அறிஞர் எம்.சீ. சித்திலெப்பை (1838 - 1898). 1882இல் அவர் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை இதற்காகவே வாதாடியது. நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த எகிப்தியத் தலைவர் உராபி பாஷாவின் ஆதரவோடும், வாப்பிச்சி மரைக்கார் போன்ற தனவந்தர்களின் பொருளுதவியோடும் 1892இல் மருதானையில் ஆரம்பிக்கப்பட்ட மத்ரசாவே பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்திலெப்பை காலத்துத் தனவந்தர்கள் கட்டடத்துக்குக் கொடுத்தார்கள்; நிலம் கொடுத்தார்கள்; பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பாடசாலை எழுந்தது. அது அக்காலத்தின் முதல் தேவை. பாடசாலையே இல்லாத சமூகத்துக்கு முதலில் பாடசாலை வேண்டும். ஆனால் கட்டடத்துக்குக் கொடுப்பதும் ஒரு மாணவனுக்குக் கொடுப்பதும் வேறு வேறு காரியங்கள். கட்டடத்தில் கொடுத்தவரின் பெயர் கல்லில் இருக்கும். மாணவனின் விடுதிச் சாப்பாட்டுக்குக் கொடுத்தவரின் பெயர் எங்கும் இராது. எமது சமூகம் முதலாவதில் என்றுமே பின்னின்றதில்லை. இரண்டாவதைப் பழகிக்கொள்ள இன்னும் அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

கல்முனைக் கச்சேரி

1942 ஏப்ரிலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோனது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கென அரசாங்கம் கல்முனையில் ஓர் அவசரக் கச்சேரியைத் திறந்து, அதன் பொறுப்பாளராக உதவி அரசாங்க அதிபர் அஸீஸை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது முப்பது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் பயின்று, 1933இல் வரலாற்றில் லண்டன் சிறப்புப் பட்டம் பெற்று, அரசாங்கப் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் சென்று, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். புலமைப்பரிசில் ஒன்று ஒரு மனிதனின் வாழ்வில் என்ன செய்யும் என்பதை அவர் ஏட்டில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

கல்முனைப் பகுதியில் அவர் கண்டது நெல் விளையும் பூமியையும் படிப்பு விளையாத ஊர்களையும். போடிமாருக்குக் காணி இருந்தது. முல்லைக்காரருக்கு உழைப்பு மட்டுமே இருந்தது. மூன்றாம் நான்காம் வகுப்போடு பிள்ளைகள் வயலுக்குப் போனார்கள். காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தரின் நட்பு அவருக்குக் கிடைத்ததும் இக்காலத்திலேதான். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகத் தம்மை அர்ப்பணித்த அந்தத் துறவியின் முன்மாதிரி அஸீஸைப் பாதித்ததை அவரைப் பற்றி எழுதியோர் பலரும் குறிப்பிட்டுள்ளனர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் அந்தக் கரையோரத்தில், ஒரு சமூகத்தின் கல்வி விழிப்பு மற்றச் சமூகத்தின் விழிப்பைத் தூண்டியது என்பது பின்னர் வந்த கசப்பான ஆண்டுகளில் நாம் மறந்துபோன செய்தி.

1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அமைக்கப்பட்டது. ஊரிலே பணம் திரட்டி ஊர்ப் பிள்ளைகளைப் படிப்பிப்பதே அதன் வேலை. மூன்றாண்டுகளின் பின் கொழும்பில் உருவான கல்விச் சகாய நிதிக்கு இதுவே முன்னோடி. நாடளாவிய ஒரு நிறுவனம் ஒரு கிழக்கிலங்கைச் சிறுநகரத்தின் அனுபவத்திலிருந்து பிறந்தது. தலைநகரில் திட்டமிட்டுக் கிராமத்துக்கு இறக்குமதி செய்யப்பட்ட எத்தனையோ திட்டங்களுக்கு நேர்மாறான பயணம் இது.

இலவசத்துக்குப் பின்னும் எஞ்சியவை

கட்டணத்தை ஒழித்ததோடு கன்னங்கரா நின்றுவிடவில்லை. கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்களைத் திறந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்டவை அவரது காலத்தில் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையில் தேறியவர்களுக்கு அங்கே விடுதி வசதி தரப்பட்டது. அதாவது, கிராமத்துப் பிள்ளையின் தடை கட்டணம் மட்டுமல்ல, தூரமும் சோறும் படுக்கையும்தான் என்பதை அவரும் உணர்ந்திருந்தார். ஆனால் நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் எல்லாச் சமூகங்களுக்கும் அந்த வசதி ஒரே அளவில் போய்ச் சேரவில்லை.

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குச் சென்றது. பேராதனை ஒரு வதிவிடப் பல்கலைக்கழகம். விரிவுரைக்குக் கட்டணம் இல்லை என்றாலும் விடுதியும் உணவும் புத்தகமும் உடுப்பும் பிரயாணமும் பெற்றோரின் பொறுப்பாகவே இருந்தன. ஒரு கடைச் சிப்பந்தியின், ஒரு கமக்காரனின் பிள்ளை அங்கே இடம் பெற்றாலும் போய் இருந்து படிப்பதற்கு வழி வேண்டும். கல்விச் சகாய நிதியின் உதவி பொருள் பெற்றது இங்கேதான். 1948இல் சிவில் சேவையை உதறிவிட்டு ஸாஹிறாவின் அதிபராக வந்த அஸீஸ் 1961 வரை அப்பதவியில் இருந்தார். அக்காலத்தில் கல்லூரியையும் நிதியையும் ஒரே பாதையின் இரு கட்டங்களாக நாம் பார்க்கலாம். ஒன்று மாணவனைத் தயார் செய்தது. மற்றது தயாரானவனை அனுப்பிவைத்தது. இனம் பாராது மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட அந்த ஸாஹிறாவிலேயே பேராசிரியர் கா. சிவத்தம்பி கற்றார், பின்னர் கற்பித்தும் இருக்கின்றார்.

1960 முதல் பல்கலைக்கழகத்தில் கலைப் பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கப்படத் தொடங்கியதும் கிராமத்துக்கு இன்னொரு கதவு திறந்தது. அதுவரை பெரும்பாலான எமது கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய உச்சம் ஆசிரியர் கலாசாலையாகவே இருந்தது. அட்டாளைச்சேனைக் கலாசாலையில் பயின்று வந்த தமிழாசிரியர்கள்தான் அறுபதுகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைக் கிராமங்களில் உருவாக்கினார்கள். எமது இலக்கிய வரலாற்றை எழுதும்போது இந்த ஆசிரியர்களின் பெயர்கள் கவிஞர்களாகவும் கதாசிரியர்களாகவும் வருகின்றன. மாலை வேளைகளில் சம்பளம் வாங்காமல் வகுப்பு நடத்தியவர்கள் என்ற அவர்களது மற்ற அடையாளம் எங்கும் பதியப்படவில்லை.

வாசலில் நின்ற எண்கள்

எழுபதுகளில் தடை வேறோர் இடத்துக்கு மாறியது. படித்தவர்கள் பெருகினார்கள், பல்கலைக்கழக இடங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. 1971 அனுமதிக்கென மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் நிர்ணயிக்கப்பட்டன. மருத்துவத்துக்கு நானூறு புள்ளிகளில் தமிழ்மொழி மூல மாணவர் 250 பெற வேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமானதாயிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்களுக்கு இழைக்கப்பட்ட இந்த அநீதி பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. தமிழில் கற்ற முஸ்லிம் மாணவரும் அதே 250க்கு முன்னால்தான் நின்றார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1974இல் மாவட்ட அடிப்படை வந்தது. பின்னர் அது திறமைக்கு ஒரு பங்கு, மாவட்டத்துக்கு ஒரு பங்கு, பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒரு பங்கு என்று உருமாறியது. இந்த ஏற்பாடு ஒருவருக்கு நியாயமாகவும் மற்றவருக்கு அநியாயமாகவும் தோன்றியதில் வியப்பில்லை. அம்பாறை, திருகோணமலை, மன்னார் போன்ற மாவட்டங்களின் முஸ்லிம் மாணவர்கள் இதனால் பயனடைந்தார்கள். யாழ்ப்பாண மாணவர்கள் இழந்தார்கள். அந்த இழப்பு இந்நாட்டின் அரசியலில் என்ன விளைவை ஏற்படுத்தியது என்பதை நாம் யாவரும் அறிவோம். ஒரு வறியவனுக்குக் கதவு திறப்பதற்காக இன்னொரு வறியவனின் கதவு சாத்தப்படும்போது, திறந்த கதவின் வழியே சென்றவன் அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நேர்மையாகாது. நானும் அவ்வாறு சென்றவர்களில் ஒருவன்.

1982இல் அம்பாறை மாவட்டத்திலிருந்து பேராதனைக்கு நான் தெரிவானேன். வாப்பா ஒரு முல்லைக்காரர். எமது வீட்டில் பணம் என்பது வருடத்தில் ஒரு முறை, பெரும்போக வெள்ளாண்மை வெட்டிச் சூடடித்த பின்னர்தான் கண்ணில் படும். அதிலும் போடியாரிடம் வாங்கிய கடனும் கடைக் கொப்பிக் கணக்கும் போன பிறகு மிஞ்சுவது சொற்பம். வறிய விவசாயக் குடும்பத்தின் உண்மையான சிக்கல் இது. பணம் இல்லை என்பதைவிட, பணம் வரும் மாதமும் செலவு வரும் மாதமும் பொருந்துவதில்லை. பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் காலம், பல்கலைக்கழகம் திறக்கும் காலம், விடுதிக்குக் கட்டும் காலம் எவையும் நெல்லின் நாட்காட்டியைப் பார்த்து வருபவையல்ல.

என் வாப்பாவுக்கு ஊரிலே ஒரு தமிழாசிரியர் சொன்ன யோசனை எனக்கு இன்றும் நினைவிருக்கின்றது. "மகனுக்கு மாசாமாசம் அனுப்ப உங்களால ஏலாது காக்கா. வெள்ளாண்மைக்குப் பிறகு ரெண்டு அவணம் நெல்ல எங்கட வீட்டுல போடுங்க. நான் மாசக் கணக்கில அனுப்பி வைக்கிறன்" என்றார் அவர். முதல் வருடம் முழுவதும் அவ்வாறே நடந்தது. இரண்டு அவணத்தின் விலைக்கு மேலாக அவர் அனுப்பினார் என்பதை நான் பின்னரே கணக்குப் பார்த்து அறிந்தேன். நிறுவனங்களின் வரலாற்றில் இடம்பெறாத இத்தகைய ஏற்பாடுகள் ஒவ்வோர் ஊரிலும் இருந்திருக்கும். கடன் என்ற பெயரில் மானத்தைக் காத்து, உதவி என்ற உண்மையை மறைத்துச் செய்த காரியங்கள் அவை.

மகாபொல

1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தினால் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் நிறுவப்பட்டது. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் சிந்தனையில் உதித்தது இது. பொருட்காட்சிகளிலும் பின்னர் அதிர்ஷ்டலாபச் சீட்டிலும் திரட்டிய பணத்தை மாணவர்களின் மாதாந்தச் செலவுக்கு வழங்குவதே இதன் திட்டம். லொத்தர்ப் பணம் ஆகுமானதா என்ற கேள்வி எமது மாணவர்களிடையே அக்காலத்தில் எழுந்து விடுதி அறைகளில் வாதிக்கப்பட்டதுண்டு. மறுத்தவர்களையும் கண்டிருக்கின்றேன். வாங்கியவர்களே மிகப் பெரும்பான்மையினர்.

இலவசக் கல்விக்கு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, படிப்பவன் சாப்பிடவும் வேண்டும் என்ற உண்மையை அரசாங்கம் நாடளாவிய அளவில் ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் இது. 1945இல் கல்விச் சகாய நிதி நின்ற இடத்துக்கு அரசு 1981இல் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். ஆயினும் மகாபொலவுக்கும் ஓர் எல்லை உண்டு. அது பல்கலைக்கழகத்தின் உள்ளே வந்தவனுக்கே கிடைக்கும். அப்போதும் முதல் தவணை கைக்கு எட்டப் பல மாதங்கள் செல்வதுண்டு. அந்த முதல் மாதங்கள்தாம் மிகக் கடினமானவை. அறை முற்பணம், படுக்கை, பாத்திரம், இரண்டு சோடி நல்ல உடுப்பு, போய்வரப் பஸ் காசு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

தொகையின் பெறுமதியும் காலத்தால் கரைந்து போயிற்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பணவீக்கம் எழுபது சதவீதத்தை நெருங்கியபோதும் மாதத் தொகை ஐயாயிரம் ரூபாவாகவே இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் அதனை 7,500 ரூபாவாக உயர்த்தும் முன்மொழிவு வந்தது. அந்த நெருக்கடியின் போது ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரிவுரைக்குப் போன பிள்ளைகளை எமது ஊர்களிலிருந்தே என்னால் எண்ணிச் சொல்ல முடியும்.

யுத்தத்தின் நடுவில்

1990இன் பின் நிலைமை முற்றாக மாறியது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அஸீஸ் பிறந்த யாழ்ப்பாண மண்ணில் முஸ்லிம் தெருக்கள் வெறிச்சோடின. புத்தளத்து அகதி முகாம்களில் ஓலைக் கொட்டில்களில் வகுப்புகள் நடந்தன. சான்றிதழ்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் இல்லாமல் வந்த மாணவர்களுக்கு ஒரு கடிதம் பெற்றுத் தருவதே கல்வி உதவியாயிற்று. கிழக்கிலும் மாணவர்கள் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க அஞ்சிய காலம் அது.

அந்தச் சூழலில் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டு, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, ஒலுவிலில் நிலைபெற்றது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் அரசியல் சாதனையாக இது பேசப்படுகின்றது, அது சரியே. ஆனால் கல்விச் செலவு என்ற கோணத்தில் பார்த்தால் அதன் பயன் இன்னும் எளிமையானது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. வாடகை அறையும் கடைச் சாப்பாடும் தேவைப்படாத உயர்கல்வி இப்பகுதியின் வறிய குடும்பங்களுக்கு முதன்முறையாகக் கிடைத்தது. குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இதனால் அடைந்த நன்மை அளவிடற்கரியது. தூர இடத்துக்கு அனுப்ப மறுத்த உம்மாமார் ஒலுவிலுக்கு மறுப்புச் சொல்லவில்லை.

உதவி எந்த இடத்தில் வேண்டும்?

இந்த வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரிகின்றது. முதலில் பாடசாலை இல்லை. சித்திலெப்பையின் தலைமுறை அதனைக் கட்டியது. பின் கட்டணம் தடுத்தது. 1945 அதனை நீக்கியது. பின் சீவனச் செலவு தடுத்தது. கல்விச் சகாய நிதியும் பின்னர் மகாபொலவும் அதற்கு வந்தன. பின் தூரமும் அச்சமும் தடுத்தன. ஒலுவில் அதில் ஒரு பகுதியைத் தீர்த்தது. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தில் தடை எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கண்டு, அந்த இடத்தில் கை வைத்தது.

அவ்வாறாயின் எமது காலத்தின் தடை எங்கே இருக்கின்றது? அது பல்கலைக்கழக வாசலுக்கு நான்கைந்து வருடங்கள் முன்னால் இருக்கின்றது என்பதே ஆசிரியனாகவும், பின்னர் எமது ஊரின் சிறு கல்வி உதவிக் குழுவொன்றின் அங்கத்தவனாகவும் நான் கண்டது. நாட்டிலுள்ள சுமார் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். உயர்தரத்தில் தகுதி பெறுவோரிலும் சுமார் நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழக இடம் கிடைக்கின்றது. இந்தப் போட்டியில் ரியூசன் என்பது ஓர் இணைப் பாடசாலையாகவே ஆகிவிட்டது. அதற்குக் கட்டணம் உண்டு. 1945இல் முன்கதவால் வெளியேற்றிய கட்டணம் பின்கதவால் திரும்பி வந்துவிட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றோம்.

ஒன்பதாம் வகுப்பில் கணிதத்தில் பின்தங்கும் பிள்ளை சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறுகின்றது. அத்தோடு உயர்தரக் கதவு மூடப்படுகின்றது. அந்தப் பிள்ளையின் பெயர் எந்தப் புலமைப்பரிசில் குழுவின் முன்னாலும் வருவதில்லை. ஏனெனில் எமது குழுக்கள் பெறுபேறுகள் வெளிவந்த பிறகே கூடுகின்றன. பாராட்டு விழா வைக்கின்றோம், பொன்னாடை போர்த்துகின்றோம், காசோலையோடு படம் எடுக்கின்றோம். வென்றவனைக் கௌரவிப்பது நல்லதுதான். ஆனால் வெல்வதற்கு ஒரு கை தேவைப்பட்டவன் அந்த மண்டபத்துக்குள் வரவே இல்லை.

இதற்கு மாறான முயற்சிகள் இல்லாமலில்லை. பல்கலைக்கழக முஸ்லிம் மஜ்லிஸ்களைச் சேர்ந்த மாணவர்கள் விடுமுறையில் ஊர்களுக்கு வந்து இலவசக் கருத்தரங்குகள் நடத்துகின்றார்கள். முதல் வருட மாணவி ஒருத்தி தான் சென்ற ஆண்டு எழுதிய வினாத்தாளைத் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது ஏற்படும் தாக்கம் பெரிது. அவள் எந்தத் தெருவில் இருந்து போனாள் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று நாட்டின் பல்கலைக்கழகங்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். எமது ஊர்களிலும் அதே நிலைதான். அவர்களைப் பொறுத்தவரை பல வேளைகளில் பாதுகாப்பான ஒரு தங்குமிடம், பணத்தைவிட முந்திய தேவையாகின்றது. கொழும்பிலோ களனியிலோ மொரட்டுவையிலோ நம்பிக்கையான பெண்கள் விடுதி ஒன்றை நடத்துவதும் கல்வி உதவியே.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு எமது சமூகம் பதில் தேடி அலைய வேண்டியதில்லை. ஸகாத் இருக்கின்றது, ஸதகா இருக்கின்றது, வக்ஃபுச் சொத்துக்கள் இருக்கின்றன. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்ஃபுச் சட்டம் முஸ்லிம் தர்ம நிதியம் ஒன்றுக்கே வழி செய்திருக்கின்றது. ஸகாத்தைக் கல்விக்குக் கொடுக்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. 'அல்லாஹ்வின் பாதையில்' என்ற பிரிவின் விரிவு பற்றிய விவாதம் நீண்டது. அதனைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஏழை மாணவன் ஏழை என்ற வகையிலேயே ஸகாத்துக்கு உரியவன். அவனுக்குக் கொடுப்பதற்கு அந்த விவாதம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரமழான் இருபத்தேழில் வாசலில் வரிசையாக நிற்போருக்குச் சில்லறையாகப் பகிரப்படும் தொகையைப் பல ஊர்களில் இன்று ஸகாத் குழுக்கள் ஒன்றாகத் திரட்டுகின்றன. அதில் ஒரு பங்கை மாதாமாதம், பிள்ளையின் பெயர் வெளிவராமல், மூன்று நான்கு வருடங்களுக்குத் தொடர்ந்து கொடுப்பதற்கு ஒதுக்கினால் போதும்.

எமது குழுவில் நாம் மூன்று காரியங்களைச் செய்து வருகின்றோம். ஒன்று, ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தளர்ந்த வறிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. இரண்டு, பல்கலைக்கழக அனுமதி கிடைத்தவருக்கு மகாபொலப் பணம் வரும் வரையான முதல் ஆறு மாதங்களுக்குரிய செலவை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தல். மூன்று, விண்ணப்பம் நிரப்புதல். மூன்றாவது சிறிய காரியம் போலத் தோன்றும். பாடநெறித் தெரிவுகளை எந்த ஒழுங்கில் இடுவது, வருமானச் சான்றிதழை யாரிடம் எப்போது பெறுவது என்று தெரியாமல் கிடைத்திருக்க வேண்டியதை இழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். படித்த குடும்பத்தில் இதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். படியாத வாப்பாவின் பிள்ளைக்கு ஊர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடனாகக் கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பி வருகின்றது. வராத இடத்தில் நாம் கேட்டுப் போவதில்லை. உழைக்கத் தொடங்கியவர்களில் சிலர் வாங்கியதற்கு மேலாகவும் தருகின்றார்கள். அடுத்த பிள்ளைக்கு என்று எழுதித் தருகின்றார்கள்.

1973 நவம்பரில் மறைந்த அஸீஸின் பெயரால் எமது ஊர்களில் நினைவுக் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டுரைப் போட்டிகள் நடக்கின்றன. அவரது உரைகளும் நூல்களும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அவர் கல்முனையில் முதலில் செய்தது ஊர்ப் பிள்ளைகளுக்கென ஒரு சங்கம் அமைத்துப் பணம் சேர்த்தது. அதைச் செய்வதற்குச் சிவில் சேவையும் கேம்பிரிட்ஜும் வேண்டியதில்லை. ஒரு கணக்குக் கொப்பியும், மாதம் ஒருமுறை கூடக்கூடிய ஐந்து பேரும், வறிய வீடுகளின் கதவைப் பெறுபேறு வருவதற்கு முன்னரே தட்டும் மனமும் போதும்.